வெயிலின் நிறத்துக்குச் சொல் தேடிய நேரம்

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.40க்குக் குழாயில் தண்ணீர் வந்தது, 6.20க்கு நின்றது. ஏழு குடம், இரண்டு வாளி. 6.30க்கு நடை, அரிமளம் கடைவீதி வரை போய்த் திரும்ப முப்பத்தெட்டு நிமிடம். இட்லி, தக்காளிச் சட்னி. மின்தடை 9.15 முதல் 9.50 வரை. மழை இல்லை. மதியம் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம் இரண்டு.

இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் எழுதி வருகிறேன். எனக்கு ஓர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் வேலை. கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு எந்த வருடம் தார் போட்டார்கள், எந்த மாதம் அது பெயர்ந்தது, யார் வீட்டு மாடு எந்தத் தேதியில் கன்று போட்டது என்று சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். டைரியைப் புரட்டிச் சொல்வேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்படிப்பட்ட டைரியில் ஜூலை மாதம் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது புதுக்கோட்டையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் எங்கள் வாசிப்பு வட்டம். மொத்தம் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நடத்துகிறார். இலக்கியம் பெரிய சம்பவங்களில் இல்லை, அன்றாடத்தின் சிறு கணங்களில்தான் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. ஆகவே ஒவ்வொருவரும் மாதம் ஒரு கணத்தைப் பிடித்து எழுதிக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். ஒருவர் காபியின் நுரை அடங்குவதை இரண்டு பக்கம் வாசித்தார். இன்னொருவர் எழுத மாட்டார், வரைந்து கொண்டுவருவார். பெரும்பாலும் வாசலில் கிடக்கும் செருப்புகள். ஜூலைக் கூட்டத்துக்கு மூன்று பேர் பனித்துளி கொண்டுவந்திருந்தார்கள். புதுக்கோட்டையில், ஜூலை மாதத்தில். நான் குழாயில் தண்ணீர் நிற்பதைப் பற்றி வாசித்தேன். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நின்றது என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது.

“எல்லாம் சரியா இருக்குங்க. நீங்க பாத்தது மட்டும்தான் இல்லை” என்றார் ஆசிரியை.

அடுத்த கூட்டம் வரை தினமும் ஒரு மணி நேரம் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சும்மா பார்க்கும்படி சொன்னார். நான் சொன்னதைச் செய்கிறவன். இருபத்தாறு நாள் பார்த்தேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் என் மனைவி வந்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார். எதுவும் அகப்படவில்லை. இருபத்தேழாம் நாள்தான் அந்தச் சனிக்கிழமை. மறுநாள் கூட்டம். கையில் ஒரு கணம்கூட இல்லை.

சனிக்கிழமை மதியங்களில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது என் வழக்கம். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எண்பது தாண்டிவிட்டது, கண்ணில் புரை, இதயமும் சரியில்லை. பெரியப்பா என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றும் இல்லை. நான் படிக்கிற நேரத்தில் பெரியம்மா துணி துவைத்து, இரண்டு ஆடுகளுக்கும் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, டீ போட்டுக் கொண்டுவருவார். ஒரே மகள், அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி. அறையில் கட்டில், பீரோ, டிவி. அவ்வளவுதான்.

அன்று கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். போனபோது 1.30 இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ற சொல்லை அதற்கு முன் என் டைரியில் எழுதியதில்லை. பேப்பரில் இரண்டு பக்கம் படித்தேன். மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

“ரெண்டு அஞ்சு வண்டி. இன்னிக்கி லேட்டு” என்றார் பெரியப்பா. கண்ணை மூடிக்கொண்டார். பேப்பர் பாதியில் அவர் தூங்குவது வழக்கம்தான். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவர் பாதத்தின் மேல் கோடு கோடாகக் கிடந்தது. இருபத்தேழு நாளில் முதல் முறையாக, இதுதான் அது என்று தோன்றியது. நோட்டை எடுத்தேன். “கம்பிகளின் நிழல் மெல்ல நடந்துவந்து அவருடைய பாதத்தில் தயங்கி நின்றது” என்று எழுதினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்து அந்த வெயிலின் நிறம். மஞ்சள் என்று எழுதி அடித்தேன். பொன் என்று எழுதி அடித்தேன். சந்தனம், தேன் இரண்டையும் அடித்தேன். ஜன்னலைப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன். கடைசியில் பலாச்சுளை நிறம் என்று கிடைத்தது. அதன் கீழே ஒரு கோடு போட்டேன்.

பெரியம்மா இரண்டு டம்ளரில் டீயோடு வந்தார். “என்னங்க” என்றார். மறுபடியும் “என்னங்க” என்றார். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். டம்ளர்களை டிவி மேல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் நெஞ்சில் கை வைத்தார்.

மகளுக்குப் பெரியம்மா போன் செய்தது 2.41க்கு. அது கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் செவிலியர் வந்து நாடி பார்த்து, போய்விட்டார் என்று உறுதி செய்தது 2.55க்கு. இந்த இரண்டு நேரமும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய நேரம் மட்டும் தெரியவில்லை.

வேட்டி மாற்ற வீட்டுக்கு வந்தபோது என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில்தான் இருந்தேன், நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன், எப்போது போனார் என்று கவனிக்கவில்லை என்றேன்.

“ஒரு மனுசன் செத்தது தெரியாம அப்பிடி என்னத்தப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது என் மனைவிக்கு ஒரு பதிலாகப் படவில்லை.

மகளும் மருமகனும் 4.30க்கு வந்து சேர்ந்தார்கள். பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டி வரவழைத்து, பெரியப்பாவை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாயிற்று. மறுநாள் பத்து மணிக்கு எடுப்பதாக முடிவு. செத்தது சனிக்கிழமை, சனிப் பிணம் துணை தேடும் என்பதால் பாடையில் கட்ட ஒரு கோழிக்குஞ்சுக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்கு யாரும் மணி கேட்கவில்லை, கிழமை போதும். மணி கேட்டது பஞ்சாங்கக்காரர்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உயிர் போன நேரத்து நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். சில நட்சத்திரங்களில் போனால், போன அறையைப் பூட்டிவிட வேண்டும். அடைப்பு என்று பெயர். அன்று மதியம் 2.23 வரை திருவோணம். அதற்கு அடைப்பு கிடையாது. 2.23க்கு மேல் அவிட்டம். அதற்கு ஆறு மாதம். பஞ்சாங்கக்காரர் புத்தகமும் வைத்திருந்தார், கைப்பேசியிலும் ஒன்று வைத்திருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்னது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

அறையைப் பூட்டினால் பெரியம்மாவுக்கு மிச்சம் அடுப்படிதான். அதில் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஆறு மாதமும் அறந்தாங்கியில் மகள் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே மருமகனின் அம்மா இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ஆடுகளை விற்றாக வேண்டும்.

“சார்தான் பக்கத்துல இருந்திருக்காரு. அப்பறம் என்ன? சாரு சொன்னா சரியா இருக்கும்” என்றார் மருமகன். பந்தலில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாட்டின் தேதிக்கும் தாரின் தேதிக்கும் என்னிடம் வந்தவர்கள் அவர்கள்.

குறித்து வைக்கவில்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மருமகன் என் சட்டைப் பையைப் பார்த்தார். நோட்டு பாதி வெளியே தெரிந்தது.

“எழுதியிருக்கீங்களே” என்றார்.

வேறு வழியில்லாமல் கொடுத்தேன். அவர் அதைப் பந்தலுக்கு நடுவில் நின்று உரக்க வாசித்தார். என் எழுத்து ஒன்பது பேருக்கு மேற்பட்ட சபையில் வாசிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. முப்பது பேராவது இருப்பார்கள். வட்டத்தில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“தயங்கி நின்றதுன்னா? நெழலு எப்பிடிங்க தயங்கும்?” என்றார் பஞ்சாங்கக்காரர்.

அது ஒரு மாதிரி சொல்வது என்றேன்.

“அப்ப நிக்கலையா?”

நிற்கவில்லை, நிற்பது போல இருந்தது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டார். மருமகன் விடவில்லை. எந்தப் பாதம் என்று கேட்டார். இடது என்றேன். நிழல் விரலில் இருந்ததா குதிகாலில் இருந்ததா என்று கேட்டார். அதை நான் எழுதவில்லை. நாளை அதே நேரம் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் மணி தெரிந்துவிடுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் எடுப்பது பத்து மணிக்கு. அடைப்பு என்றால் தெருவாசல் வழியாகக் கொண்டுபோகலாமா, சுற்றுச்சுவரை ஒரு பக்கம் இடித்துக் கொண்டுபோக வேண்டுமா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அதற்குள் மருமகனுக்கு ஒரு விவரம் கிடைத்துவிட்டது. கடைசியாகப் பெரியப்பா பேசியது 2.05 வண்டியைப் பற்றி என்று நான் சொல்லியிருந்தேன். அந்த வண்டியின் கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். போன் செய்து கேட்டார். அன்று வண்டி எங்கள் ஊரைத் தாண்டியது 2.12க்கு. ஆகவே 2.12க்கு உயிர் இருந்தது, 2.41க்கு இல்லை. இடையில் இருபத்தொன்பது நிமிடம். அதில் பதினொரு நிமிடம் திருவோணம், பதினெட்டு நிமிடம் அவிட்டம். இந்தக் கணக்கை நான் மனதுக்குள் போட்டேன். மருமகன் வெளியே போட்டார்.

பிறகு அவர் நோட்டை மறுபடி பார்த்தார். “நாலு வார்த்தைய அடிச்சிருக்கீங்க. ஒரு வார்த்தைக்கி எவ்வளவு நேரம் ஆகும்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பொன்னை எழுதி அடிக்க எவ்வளவு, தேனை எழுதி அடிக்க எவ்வளவு என்று கூட்டி, பலாச்சுளை வரும்போது மணி என்ன என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். என் மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஆறு மாசம் இவுக ஆத்தா கையால சோறு திங்கிறதுக்கு, நானும் அவரு கூடவே போயிருக்கலாம்.”

மருமகன் தரையைப் பார்த்தார். தன் அம்மாவைப் பற்றிய பேச்சு என்றாலும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாங்கக்காரர் தொண்டையைக் கனைத்தார். சந்தேகம் என்று வந்துவிட்டால் அடைத்துவிடுவதுதான் பின்னால் தொந்தரவு இல்லாதது என்று தொடங்கினார்.

“குறிக்கலை. ஆனா பாத்தேன்” என்றேன்.

என் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள். அந்த அறைச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. பல வருடமாக எனக்குத் தெரியும். மதியம் அதன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

“அவரு தல ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. தூங்குறாருன்னு நெனச்சேன். அப்ப செவுத்துக் கடிகாரத்துல ரெண்டு இருவத்தி மூணு. ஆனா அது நாலு நிமிசம் ஃபாஸ்ட்டா ஓடும். அதக் கழிச்சா ரெண்டு பத்தொம்பது.”

இரண்டு இருபது என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். இரண்டு பத்தொன்பதை யாரும் சந்தேகப்படவில்லை. அதிலும் அந்த நாலு நிமிடத்தைக் கழித்தது பஞ்சாங்கக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மணி சொல்வது பெரிதல்ல, கடிகாரத்தின் குணமும் தெரிந்து சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். நிழல் தயங்குவதை ஏற்காத மனிதர், இதை அப்படியே ஏற்றுக்கொண்டார். திருவோணம்தான், தெருவாசல் வழியாகவே எடுக்கலாம் என்று அறிவித்தார். பெரியம்மாவைவிட மருமகன்தான் பெரிய மூச்சு விட்டார். அவர் இவ்வளவு துருவியது அடைப்பு வேண்டும் என்பதற்காக அல்ல, பின்னால் யாரும் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது. இரண்டு பெண்களையும் ஒரே வீட்டில் ஆறு மாதம் வைத்துக்கொள்வதைப் பற்றி அவரும் யோசித்திருப்பார்.

வட்டத்தில் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: ஒரு சிறிய விவரம் போதும், வாசகர் முழுவதையும் நம்பிவிடுவார் என்று. பயிற்சியாக எழுதியபோதெல்லாம் அது எனக்குக் கைவரவில்லை.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. பெரியம்மா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். மதியம் போட்ட டீப் பாத்திரம் அப்படியே இருந்தது.

“தம்பி, அந்தக் கடிகாரம் ஃபாஸ்டு இல்ல” என்றார் மெதுவாக. “ஆறு நிமிசம் பின்னாடி ஓடுது. பேட்டரி மாத்தச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

கழிக்க வேண்டியதைக் கூட்டிப் பார்த்தேன். 2.29. நான் பார்க்காத நேரத்துக்குக்கூட அவிட்டம்தான் வந்தது.

“யாருகிட்டயும் சொல்லிராதீங்க” என்றார். பிறகு, “அந்த நோட்ட மறுபடிப் படிங்க. மாப்ள படிச்சது எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்றார்.

படித்தேன். நிழல் மெல்ல நடந்துவந்தது, பாதத்தில் தயங்கி நின்றது, வெயில் பலாச்சுளை நிறம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“வெயிலு எங்க தம்பி அவருகிட்ட வந்துச்சு? அவருல்ல வெயில்கிட்ட போவாரு. ரெண்டு மணியானா எடது கால மட்டும் நகத்தி நகத்தி வெயில்ல கொண்டுபோய் வைப்பாரு. அந்தக் கால்தான் பிரேக்குல இருந்து மரத்துப்போன கால்னு சொல்லுவாரு. பிரேக்கு வலது கால்லதானேன்னு சொன்னா கேக்க மாட்டாரு.”

சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. அடுப்படியில் வெளிச்சம் போதவில்லை.

எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கால் நகர்வதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றும் நகர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலுக்குள் இருந்திருக்காது. பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியபின் அவர் செய்த வேலை அது ஒன்றுதான். நான் அதை நிழல் செய்ததாக எழுதிவிட்டு, நிறத்துக்குச் சொல் தேடப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து, நாளைக் கூட்டத்துக்கு வர முடியாது, பக்கத்து வீட்டில் துக்கம் என்று ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். பரவாயில்லை, எழுதியிருந்தால் அனுப்புங்கள், யாராவது வாசிக்கட்டும் என்று பதில் வந்தது. ஒன்றும் எழுதவில்லை என்று அனுப்பினேன். டைரியில் குழாய், மின்தடை, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதினேன். பெரியப்பா காலமானார் என்று எழுதி, நேரத்துக்கு இடம் விட்டேன். என் மனைவி வந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் சொன்னீங்க. இதுகிட்ட சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. காலை 4.50க்கு எழுந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பந்தலில் எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் எழுந்து வந்து, அறைக் கதவைத் திறந்து லைட்டைப் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து வைத்து, அது ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஏறிச் சுவர்க் கடிகாரத்தை இறக்கினேன். அதில் 4.52. என் கையில் 4.58. முள்ளைத் திருப்பி 5.02க்கு வைத்து, மறுபடி ஆணியில் மாட்டினேன்.